ஏ டிரைவ் எங்கே போனது? பழைய கம்ப்யூட்டர்கள் சொல்லித் தரும் பாடங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "டிரைவ்கள் சி, டி என்று தொடங்குகின்றனவே, ஏ, பி இரண்டும் எங்கே?" சென்ற மாதம் லேப்டாப் வாங்கிய என் சித்தியும் இதையே கேட்டார். கடைக்காரர் இரண்டு டிரைவ்களைக் கழற்றி வைத்துக் கொண்டு கொடுத்துவிட்டாரோ என்று அவருக்குச் சந்தேகம்.

அப்படி எதுவும் இல்லை. ஏ, பி என்ற எழுத்துகள் யாருக்கு உரியவையோ, அவர்கள் ஓய்வு பெற்று மியூசியத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தேன். அங்கு பார்த்தவற்றைச் சொன்னால் உங்கள் மேஜை மேல் இருக்கும் புதிய கம்ப்யூட்டரும் இன்னும் கொஞ்சம் புரியும். மியூசியத்திலிருந்து திரும்பிய பின் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

தொட்டுப் பார்க்கும் மியூசியம்

அலுவலக வேலையாக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இரண்டு வாரம் தங்க நேர்ந்தது. ஒரு சனிக்கிழமை, "சென்டர் பார் கம்ப்யூட்டிங் ஹிஸ்டரி" என்ற சிறிய மியூசியத்திற்குச் சென்றேன். கோல்டாம்ஸ் ரோட்டில், குடோன் போன்ற ஒரு கட்டடத்தில் 2013 முதல் இது இயங்கி வருகிறது. நடத்துவது ஓர் அறக்கட்டளை. வெளியிலிருந்து பார்த்தால் மியூசியம் என்றே தோன்றாது.

பொதுவாக மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் "தொடாதீர்கள்" என்ற பலகையும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கு பல கம்ப்யூட்டர்களில் நாமே உட்கார்ந்து டைப் செய்யலாம், விளையாடலாம். 1980களின் பள்ளி வகுப்பறை போலவே ஓர் அறை. அதில் வரிசையாகப் பழைய கம்ப்யூட்டர்கள்.

கம்ப்யூட்டர் வரலாற்றில் கேம்பிரிட்ஜுக்குத் தனி இடம் உண்டு. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று எட்சாக் என்ற கம்ப்யூட்டர் தன் முதல் புரோகிராமை இயக்கியது. பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலி அலைகளாகத் தகவல்களை ஓடவிட்டு, அதையே மெமரியாகப் பயன்படுத்தினார்கள். அதை முன்மாதிரியாக வைத்து லயன்ஸ் என்ற டீக்கடை நிறுவனம் 1951-ல் லியோ என்ற கம்ப்யூட்டரைக் கட்டியது. அது பார்த்த முதல் அலுவலக வேலை பேக்கரிக் கணக்கு! பின்னர் 1980களில் வீட்டுக் கம்ப்யூட்டர்களை விற்ற சின்க்ளேர், ஏகார்ன் ஆகிய இரு நிறுவனங்களும் இதே ஊரைச் சேர்ந்தவைதான்.

இனி ஒவ்வொரு பாடமாகப் பார்ப்போம்.

பாடம் 1: பிட் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 இரண்டு மட்டுமே என்று எல்லாப் புத்தகங்களிலும் படித்திருப்பீர்கள். நானும் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன். ஆனால் கண்ணால் பார்த்தது இங்குதான்.

"மெகாபிராசசர்" என்று ஓர் இயந்திரம் இங்கு இருக்கிறது. ஜேம்ஸ் நியூமன் என்ற பொறியாளர் தன் வீட்டிலேயே பல ஆண்டுகள் உழைத்துச் செய்தது. 2016-ல் இந்த மியூசியத்திற்கு வந்தது. நம் கம்ப்யூட்டரில் நகம் அளவு சிப்பிற்குள் அடங்கிவிடும் பிராசசரை, அவர் தனித்தனி டிரான்சிஸ்டர்களை வைத்துச் சுவர் போலக் கட்டியிருக்கிறார். சுமார் 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். 15,000க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள். எந்த இடத்தில் 1 இருக்கிறதோ அங்கு சிறிய விளக்கு எரியும். 0 என்றால் அணைந்திருக்கும்.

இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் விளக்குகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு விளக்கு ஒரு பிட். எட்டு விளக்குகள் சேர்ந்தால் ஒரு பைட். இவ்வளவு பெரிய இயந்திரத்தின் மெமரி எவ்வளவு தெரியுமா? 256 பைட்தான். இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியைக் கூட அதில் வைக்க முடியாது. ஆனாலும் அதில் டெட்ரிஸ் விளையாடலாம். மெமரியின் விளக்குகளே விளையாட்டுத் திரை!

இன்றைய மொபைல் போன் சிப் ஒன்றில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அளவும் வேகமும் மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை. நீங்கள் எடுக்கும் போட்டோ, கேட்கும் பாட்டு, எழுதும் கடிதம் எல்லாமே இப்படி எரிந்தும் அணைந்தும் இருக்கும் விளக்குகள்தான்.

பாடம் 2: ராம் மெமரியும் மறதியும்

வகுப்பறை போன்ற அறையில் இருப்பவை பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள். மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத் தர பி.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் ஒரு திட்டம் போட்டது. அதற்காக ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கம்ப்யூட்டர் இது. நம் நாட்டுக்கும் இதனுடன் தொடர்பு உண்டு. இந்திய அரசு 1984-85-ல் பள்ளிகளில் "கிளாஸ்" என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, மாணவர்களுக்கு வைத்தது இந்த பி.பி.சி. மைக்ரோவைத்தான்.

சுவிட்சைப் போட்டதும் ஒரு பீப் ஒலி. "பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே" என்று ஒரு வரி. அவ்வளவுதான், கம்ப்யூட்டர் தயார்! விண்டோஸ் தொடங்கக் காத்திருந்து பழகிய எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டமும் பேசிக் மொழியும் ராம் சிப்களில் அல்ல, அழியாத ரோம் சிப்களில் முன்பே பதிந்திருப்பதால் இந்த வேகம்.

என் பெயரைத் திரும்பத் திரும்ப அச்சிடும் இரண்டு வரி புரோகிராம் ஒன்றை டைப் செய்தேன். திரை முழுக்க என் பெயர் ஓடியது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் தன் முறை வந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, சுவிட்சை அணைத்துப் போட்டான். மீண்டும் அதே பீப், அதே "32கே". என் புரோகிராம் போன இடம் தெரியவில்லை.

இதுதான் ராம். மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே அதற்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மாதிரி. மணி அடித்தால் துடைத்து விடுவார்கள். உங்கள் புதிய கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். வேர்டில் நீங்கள் டைப் செய்யும் கடிதம் முதலில் ராமில்தான் இருக்கிறது. "சேவ்" கொடுத்தால்தான் டிஸ்கிற்குப் போகும். நடுவில் கரண்ட் போனால் கரும்பலகை துடைக்கப்பட்டுவிடும். இப்போதைய சாப்ட்வேர்கள் பல தாமாகவே அவ்வப்போது சேவ் செய்கின்றன. இருந்தாலும் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தும் பழக்கத்தை விடாதீர்கள்.

அந்த 32 கிலோபைட்டை உங்கள் லேப்டாப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 8 ஜி.பி. ராம் என்பது அதைப் போல் 2,62,144 மடங்கு. சின்க்ளேர் 1981-ல் விற்ற இசட்.எக்ஸ்.81 கம்ப்யூட்டரிலோ வெறும் 1 கிலோபைட்தான். போதவில்லை என்றால் 16 கிலோபைட் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிப் பின்னால் செருக வேண்டும். அது லேசாக ஆடும். டைப் செய்யும் போது சற்று ஆடிவிட்டால் தொடர்பு விட்டுப் போய், அதுவரை செய்த வேலை எல்லாம் காலி!

பாடம் 3: ஏ, பி, சி கதை

ராம் மறந்துவிடும் என்றால் எழுதியதை எங்கே வைப்பது? அந்தக் காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது பாட்டுக் கேட்கும் கேசட். கம்ப்யூட்டரையும் டேப் ரிக்கார்டரையும் ஒயரால் இணைத்து, பிட்களைக் கீச்சென்ற ஒலியாக மாற்றிப் பதிவு செய்தார்கள். 1982-ல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமில் 48 கிலோபைட் விளையாட்டு ஒன்றை ஏற்ற நான்கு, ஐந்து நிமிடங்கள் ஆகும். கடைசி நிமிடத்தில் ஒலி பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்து வந்தது பிளாப்பி டிஸ்க். ஐ.பி.எம். நிறுவனம் 1971-ல் அறிமுகப்படுத்தியது 8 இஞ்ச் பிளாப்பி. பிறகு ஐந்தே கால் இஞ்ச். அதன் பிறகு சட்டைப் பையில் அடங்கும் மூன்றரை இஞ்ச். உங்கள் வேர்டில் சேவ் செய்வதற்கு ஒரு சதுரப் படம் இருக்கிறதல்லவா? அது இந்த மூன்றரை இஞ்ச் பிளாப்பியின் படம்தான்.

இப்போது சித்தியின் கேள்விக்கு வருவோம். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் "பெர்சனல் கம்ப்யூட்டர்" என்ற பெயரில் தன் கம்ப்யூட்டரை வெளியிட்டது. நாம் இன்று பி.சி. என்று சொல்வதெல்லாம் அதன் வாரிசுகளே. அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. முன்பக்கம் இரண்டு பிளாப்பி டிரைவ்கள் வைத்துக் கொள்ளலாம். முதலாவது ஏ, இரண்டாவது பி. ஏ-யில் டாஸ் பிளாப்பியைச் செருகிக் கம்ப்யூட்டரை இயக்கி, பி-யில் நம் பைல்களுக்கான பிளாப்பியைப் போட்டு வேலை செய்வார்கள். 1983-ல் பி.சி. எக்ஸ்.டி. என்ற மாடலில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் வந்தது. ஏ, பி இரண்டையும் பிளாப்பிகள் பிடித்துக் கொண்டதால், ஹார்ட் டிஸ்கிற்குக் கிடைத்தது சி.

பிளாப்பிகள் போய்விட்டன. ஆனால் பழைய சாப்ட்வேர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக அந்த இரண்டு எழுத்துகளையும் யாருக்கும் கொடுக்காமல் விட்டுவைத்தார்கள். இன்றைய விண்டோஸ் 11 கூட சி-யிலிருந்துதான் தொடங்குகிறது. கடைக்காரர் மீது தப்பில்லை!

அளவையும் பாருங்கள். மூன்றரை இஞ்ச் பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. உங்கள் மொபைலில் எடுக்கும் 3 எம்.பி. போட்டோ ஒன்றை வைக்க மூன்று பிளாப்பிகள் வேண்டும். அந்த 10 எம்.பி. ஹார்ட் டிஸ்கில் அதே மாதிரி மூன்று போட்டோக்கள்தான் கொள்ளும்.

பாடம் 4: உங்கள் பாக்கெட்டில் இருக்கும் கேம்பிரிட்ஜ்

பி.பி.சி. மைக்ரோ நன்றாக விற்றதும் ஏகார்ன் நிறுவனத்தினர் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாங்களே ஒரு பிராசசரை வடிவமைக்க முடிவு செய்தார்கள். சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் இருவரும் முன்னின்று செய்த அந்த சிப் 1985 ஏப்ரல் 26 அன்று முதன்முதலாக வேலை செய்தது. அதன் பெயர் ஆர்ம். எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளக்கப் போனபோது மீட்டர் பூஜ்யம் காட்டியதாம். பார்த்தால், சிப்பிற்கு மின்சாரமே சரியாக இணைக்கப்படவில்லை. மற்ற இணைப்புகள் வழியே கசிந்து வந்த சிறு மின்சாரத்திலேயே அது ஓடிக் கொண்டிருந்திருக்கிறது!

அந்தச் சிக்கனம்தான் பின்னாளில் அதைப் பேட்டரியில் ஓடும் கருவிகளுக்குக் கொண்டு சேர்த்தது. இன்று ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் போன்களிலும் இருப்பது ஆர்ம் வகை பிராசசர்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த பிராசசர் எவ்வளவு மின்சாரம் எடுக்கும், பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்றும் கேளுங்கள்.

பாடம் 5: தாத்தாவின் மூன்று பிளாப்பிகள்

அங்கிருந்த பிளாப்பி டிரைவைப் பார்த்துக் கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்தது.

என் அம்மாவின் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2003-ல் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவருக்கு எழுபது வயது. எனக்கு ஏழு. நான் விளையாட்டு கேட்டு அழுவேன். அவர் டைப்பிங் பழகுவார். ஒரு விரலால் தட்டித் தட்டிக் குடும்பக் கதை முழுவதையும் எழுதினார். எழுதியதை மூன்று பிளாப்பிகளில் காப்பி செய்து, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் பெயர் எழுதினார். ஒன்றில் "ஊர்". இன்னொன்றில் "உறவு". மூன்றாவதில் "அவள் பாடியவை". பாட்டி நாற்று நடும்போதும் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போதும் பாடிய பாட்டுகளை அவர் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தது அது. பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தாத்தா 2009-ல்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம். அதன் ஹார்ட் டிஸ்கும் கூடவே போய்விட்டது. "பிளாப்பியில்தான் இருக்கிறதே, பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று எல்லோரும் நினைத்தோம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆன பிறகும் அப்படித்தான் நினைத்தேன். பிளாப்பிகள் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

ஊர் திரும்பியதும் யு.எஸ்.பி.யில் இணைக்கும் பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கினேன். லேப்டாப்பில் செருகினேன். சி-க்கு மேலே புதிதாக ஓர் எழுத்து வந்தது: ஏ.

முதல் பிளாப்பி படித்தது. பைலைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. ஒரு கணம் எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தாத்தா பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தன. பாமினியில் "அம்மா" என்று எழுதினால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச் என்பதுதான். எழுத்துரு இருந்தால் அம்மா தெரிவாள். இல்லாவிட்டால் குப்பை தெரியும். பாமினியை இன்ஸ்டால் செய்ததும் தாத்தாவின் வரிகள் அப்படியே வந்தன. பிறகு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன்.

இரண்டாவது பிளாப்பியும் படித்தது. மூன்றாவதைச் செருகினேன். டிரைவ் கரகரவென்று சுற்றியது. மொத்தம் பதினொரு பைல்களின் பெயர்கள் தெரிந்தன. நான்குதான் காப்பி ஆயின. மற்ற ஏழும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. பிளாப்பியின் மேல் பூச்சு அங்கங்கே கெட்டுப் போயிருந்தது. சிறு வயதில் பிளாப்பியின் உலோக மூடியை நகர்த்தி நகர்த்தி விளையாடித் தாத்தாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பிளாப்பி இதுவாக இருந்திருக்கக் கூடாது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் செய்திருந்தால் ஒருவேளை எல்லாமே வந்திருக்கும். அரை மணி நேர வேலை.

பெரியவர்களும் ஏமாந்த கதை

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1086-ல் முதலாம் வில்லியம் மன்னர் நாட்டின் நிலங்களை எல்லாம் கணக்கெடுத்து எழுத வைத்தார். டூம்ஸ்டே புத்தகம் என்று அதற்குப் பெயர். அதன் 900-வது ஆண்டை முன்னிட்டு 1986-ல் பி.பி.சி. ஒரு புதிய கணக்கெடுப்பை வெளியிட்டது. பள்ளி மாணவர்கள் உட்படப் பத்து லட்சம் பேர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் இரண்டு லேசர் டிஸ்குகளில் பதிந்தார்கள். படிக்க, தனியான லேசர் டிஸ்க் பிளேயரும் பி.பி.சி. மாஸ்டர் கம்ப்யூட்டரும் வேண்டும்.

சுமார் பதினைந்தே ஆண்டுகளில் அந்தக் கருவிகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 900 ஆண்டு பழைய தோல் புத்தகத்தை இன்றும் திறந்து படிக்கலாம். அதன் நவீன பதிப்பைப் படிக்கத்தான் ஆளும் கருவியும் தேட வேண்டி வந்தது! 2002-ல் ஆராய்ச்சியாளர்கள் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் சாப்ட்வேர் ஒன்றை எழுதி அதை மீட்டுக் காட்டினார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரு பைல் பிழைத்திருக்க நான்கு வேண்டும். பதிந்து வைத்த பொருள் கெடாமல் இருக்க வேண்டும். அதைப் படிக்கும் டிரைவ் வேண்டும். பைலைத் திறக்கும் சாப்ட்வேர் வேண்டும். எழுத்தைக் காட்டும் எழுத்துரு அல்லது குறியீடு வேண்டும். இதில் ஒன்று போனாலும் பைல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முக்கியமானவற்றை ஒரே போல்டரில் சேருங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஈ கீயைத் தட்டினால் பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். "டாகுமெண்ட்ஸ்" உள்ளே "குடும்பம்" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் சிதறிக் கிடப்பவற்றை அதில் போடுங்கள். பைல்களுக்கு "போட்டோ1" என்று பெயர் வைக்காமல், யார், எங்கே, எந்த ஆண்டு என்று தெரியும்படி வையுங்கள்.

2. மூன்று காப்பிகள் இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில். இரண்டாவது வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்கில். மூன்றாவது வேறு வீட்டில் அல்லது இன்டர்நெட் சேமிப்பில். "குடும்பம்" போல்டரைக் கிளிக் செய்து கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்துங்கள். பின்பு வெளி டிஸ்கைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் வி அழுத்துங்கள். காப்பி முடிந்ததும் "இஜெக்ட்" கொடுத்த பிறகே டிஸ்கைக் கழற்ற வேண்டும்.

3. கம்ப்யூட்டரும் இன்டர்நெட் சேமிப்பும் தாமாகவே ஒத்துப் போகும் வசதியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அதில் ஓர் இடத்தில் பைலை அழித்தால் மறு இடத்திலும் அழிந்துவிடும். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

4. பென் டிரைவைப் பெட்டகமாக நினைக்காதீர்கள். அது பைலை எடுத்துச் செல்லும் பைதான். அதிலேயே ஆண்டுக் கணக்கில் விட்டு வைக்க வேண்டாம்.

5. தமிழில் எழுதும்போது யூனிகோடிலேயே எழுதுங்கள். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை இப்போதே மாற்றுங்கள். மிக முக்கியமானவற்றை பி.டி.எப். ஆகவும் ஒரு காப்பி வையுங்கள். முடிந்தால் தாளில் அச்செடுத்தும் வையுங்கள். 900 ஆண்டு புத்தகத்தை மறக்க வேண்டாம்.

6. வீட்டில் பழைய பிளாப்பிகள், சி.டி.க்கள் இருந்தால் இந்த வாரமே எடுங்கள். மூன்றரை இஞ்ச் பிளாப்பியின் மூலையில் உள்ள சிறு கதவை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி செய்யுங்கள். அப்போது அதில் தவறுதலாக எதையும் எழுத முடியாது. செருகியதும் விண்டோஸ் "பார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பார்மட் செய்தால் இருப்பதும் போய்விடும். படிக்க முடிந்தவற்றை முதலில் காப்பி செய்து கொண்டு, அடம் பிடிப்பவற்றை அடுத்து முயலுங்கள்.

7. பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன் அதன் ஹார்ட் டிஸ்கில் உள்ளவற்றைக் காப்பி செய்து, காப்பி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

8. ஆண்டுக்கு ஒரு நாள் குறித்துக் கொள்ளுங்கள். ஆயுத பூஜை அன்று எப்படியும் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்றே வெளி டிஸ்கை இணைத்து நான்கு பைல்களைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்பி காப்பியே அல்ல.

சித்தியின் முதல் பைல்

சித்திக்கு ஏ, பி கதையைச் சொன்னபோது இந்தப் பிளாப்பி விஷயமும் வெளியே வந்தது. மீட்ட நான்கு பைல்களைத் திறந்து காட்டினேன். வாசித்துக் கொண்டே வந்தவர், "இதற்கு அடுத்தது எனக்குத் தெரியும்டா" என்றார். அந்த ஏழு பைல்களில் இருந்த பாட்டுகளில் இரண்டு அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒன்றில் நடுவில் சில அடிகள் வரவில்லை. கண்ணை மூடி இரண்டு முறை முயன்று பார்த்தார், வரவில்லை. வந்தவரை பாடினார். மொபைலில் பதிவு செய்து அவருடைய புதிய லேப்டாப்பில் போட்டோம். அதில் அவர் சேவ் செய்த முதல் பைல் அதுதான். அன்றே வெளி டிஸ்கில் ஒரு காப்பி எடுத்தோம். என் வீட்டில் ஒரு காப்பி இருக்கிறது.

மீதி ஐந்து பாட்டுகளை யாராவது அறிவார்களா என்று பெரியம்மாவிடமும் ஊரில் இருக்கும் மூத்த உறவினர்களிடமும் கேட்டுக் கொண்டிருக்கிறோம்.

கேம்பிரிட்ஜ் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் இந்த மியூசியத்தைத் தவற விடாதீர்கள். திறந்திருக்கும் நாளும் நேரமும் பார்த்துக் கொண்டு செல்லுங்கள்; பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். அங்கும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கலாம்.